கதவில் வைத்த பொட்டு

சர்வர் அறையைத் திறந்ததும் சந்தன வாசனை வந்தது. ஆயுத பூசை முடிந்து ஒரு வாரமாகியும் போகவில்லை. உன்னிடம் சொல்ல ஒரு சேதி இருக்கிறது மாப்ள. நாம் ஜெயித்துவிட்டோம்.

அந்தப் பழைய டேப் டிரைவ் நினைவிருக்கிறதா? நம் மருத்துவமனை நோயாளிகளின் விவரங்களைத் தினமும் நாடாவில் நகலெடுத்த பெட்டி. ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட நீ, எக்ஸ்ரே மிஷினுக்கும் ஆம்புலன்சுக்கும் பூசை போட்ட கையோடு, நாடா நுழையும் வாயிலேயே ஈரச் சந்தனத்தை அப்பிவிட்டாய். அந்த விடுமுறை முழுக்க நகல் இல்லை. நிர்வாக அதிகாரி என்னை எல்லார் முன்னாலும் நிற்க வைத்துக் கேட்டார்.

"எம்.சி.ஏ. படிச்சவரு, ஒரு பெட்டியப் பாத்துக்க முடியலையா?"

நீ எழுந்தாய். "பொட்டு வெச்சது நான்தாங்க. மிஷினுக்கு வெக்காம மனுசனுக்கா வெப்பாங்க?"

அறையே சிரித்தது. எனக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. அதிகாரியின் அந்தக் கேள்வியை இன்றுவரை மறக்கவும் இல்லை.

அதற்குப் பதில் புதிதாக வாங்கும்போது, சர்வரோடு சேர்ந்த ஹார்ட் டிஸ்க்கே போதும் என்பது அதிகாரியின் கட்சி. "இந்தக் காலத்துல கேசட் கடையா வெக்கப் போறீங்க?" என்றார். ஒற்றை நாடா டிரைவ் எனக்கே பிடிக்கவில்லை. நாடா நிறைந்தால் வெளியே துப்பிவிட்டு, ஆள் வரும்வரை சும்மா நிற்கும். தொப்பூர் ஓட்டலில் டீ குடிக்கும்போது நீ சொன்னாய்: "பூசைக்கு நீயும் வூட்ல இருப்ப, நானும் வூட்ல இருப்பேன். கை படாமயே மாத்திக்கிற பெட்டியா பாருடா."

அப்படித்தான் ஆட்டோலோடரைத் தேர்ந்தெடுத்தேன். பல நாடாக்களை உள்ளே வைத்துக்கொண்டு தானே மாற்றும். டிரைவைத் துடைக்கும் நாடாவையும் தானே போட்டுக்கொள்ளும். தவறினால் கைப்பேசிக்குச் செய்தி அனுப்பும். எழுதி முடித்த நாடா டிரைவை விட்டு, பெட்டிக்குள் தனக்கென உள்ள குழிக்குத் திரும்பிவிடும். பூட்டிய அலமாரிக்குள் வைத்தால் உன் சந்தனமும் எட்டாது. 'இதற்கு முழுப் பொறுப்பும் இவருடையது மட்டுமே' என்று கோப்பில் எழுதிய பிறகுதான் அதிகாரி கையெழுத்துப் போட்டார்.

மாசியில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். பெட்டி ஓடிக்கொண்டிருந்தது.

இந்தப் பூசை விடுமுறையில் கம்ப்யூட்டர் வைரஸ் புகுந்து சர்வரைப் பூட்டியது. அதிகாரி நம்பிய ஹார்ட் டிஸ்க்கையும் சேர்த்துத்தான். ஊசிக்கு வந்தவர்களின் பழைய விவரம் இல்லாமல் நர்சுகள் தவித்தார்கள். இண்டூர்க்காரர் ஒருவர், "எனக்கு எந்த மருந்து ஒத்துக்காதுன்னு உங்க கம்ப்யூட்டருக்குத்தானுங்க தெரியும்" என்றார். டிரைவில் ஏறாமல் குழிக்குள் இருந்த நாடாக்களை வைரஸால் தொட முடியவில்லை. வைரஸ் புகுந்ததற்கு முந்தின நாள் வரையிலான விவரம் ஒன்று விடாமல் திரும்பியது.

கூட்டத்தில் பெரிய டாக்டர், "இதை வாங்கச் சொன்னது யாரு?" என்றார்.

"எல்லாருமா சேந்துதாங்க..." என்று அதிகாரி ஆரம்பித்தார்.

"இல்லைங்க. முழுப் பொறுப்பும் என்னுது மட்டும்தான்னு சாரே எழுதியிருக்காருங்க" என்றேன்.

கூட்டம் முடிந்ததும் அதிகாரி பூசைப் பொரியும் கடலையும் கொண்டுவந்து நீட்டினார். வாங்கிக்கொண்டேன், மன்னிக்கவில்லை.

நான் சாமி கும்பிடுகிறவன் இல்லை, உனக்குத் தெரியும். ஆனாலும் இந்த வருடப் பூசையில் உன் சந்தனக் கிண்ணத்தை நான்தான் எடுத்தேன். அலமாரியின் கதவில், பூட்டுக்கு மேலே, பெரிதாக ஒரு பொட்டு வைத்தேன். இனி ஒவ்வொரு வருடமும் என் கைதான் வைக்கும். கதவுக்கு வெளியே மட்டும்.