நான் தைத்த பேய்

மாப்ளே,

இன்று காலை உன்னைக் கையில் எடுத்து ஒரு ரவிக்கைத் துணியில் கோடு போட்டுவிட்டேன்.

வெட்டுமேசைமேல் இருக்கும் சாக்கட்டி டப்பாவை நான் பார்த்து எடுப்பதில்லை என்று உனக்குத் தெரியும். கை தானாகப் போகும், எடுக்கும், கோடு விழும். இன்றைக்கு விழுந்த கோடு சிவப்பாக இருந்தது. என்னிடம் சிவப்புச் சாக்கட்டி கிடையாது. விரலைப் பார்த்தேன். துரை ஓட்டல் மாடிப்படியில் பெயர்ந்த காரைத் துண்டு, புளியங்கொட்டை அளவு. நீ கடைசியாகக் கால் வைத்த படி. துணிக்குச் சொந்தக்காரப் பெண் எதிரிலேயே நின்றிருந்தாள்.

"ஏனுங்கண்ணா, கோடு இப்படிக் கோணலாப் போகுது?"

"காத்து பலமா அடிக்குதும்மா," என்றேன். கரண்ட் போய் அரை மணி ஆகியிருந்தது. தெருவில் ஒரு இலைகூட அசையவில்லை. உன் மச்சானுக்கு இப்போதெல்லாம் பொய் இவ்வளவுதான் வருகிறது.

அந்த ஓட்டலுக்கு உன்னை முதலில் கூட்டிக்கொண்டு போனவன் நான். பாப்பிரெட்டிப்பட்டியில் தொடங்கிச் சித்தேரி மலை உச்சிவரை ஐம்பத்தாறு தேசங்களுக்கும் ஒரே தையல் சக்கரவர்த்தி என்று எனக்கு நானே பட்டம் கட்டிக்கொண்டு திரிந்த நாட்கள். தொப்பூர்க் கணவாய்க்கு மேலே, பழைய ரோட்டோரம், வெள்ளைக்காரன் காலத்தில் கட்டிய ஓட்டல். ஜன்னல் திரை தைக்க ஆள் வேண்டும் என்று முதலாளி சொல்லி அனுப்பியிருந்தார். அளவு நாடாவின் மறுமுனையைப் பிடிக்க எனக்கு ஒருவன் தேவைப்பட்டான். நீ என்னோடு ஒரே பெஞ்சில் படித்தவன், என் தங்கச்சியைக் கட்டியவன், அப்போது வேலையில்லாமல் இருந்தவன். வேறு தகுதி எதுவும் நான் கேட்கவில்லை.

வாசல் தூணை நாம் இரண்டு பேரும் கை கோத்துக் கட்டிப்பிடித்துப் பார்த்தோம். அப்போதும் ஒரு சாண் மிச்சம் இருந்தது. ஊரில் நான் சொன்னபோது அது ஏழு ஆள் சுற்றளவு. அறைகள் இருபத்திரண்டு, டீக்கடையில் நூற்றிருபது. குளிக்கிற தொட்டிக்குச் சிங்கத்தின் கால்கள். எங்கு திரும்பினாலும் பாச்சை உருண்டை வாசம். மாடிக்குப் போகும் அகலமான சிவப்புப் படிகளில், கீழேயிருந்து நாலாவது மட்டும் கால் வைத்தால் 'டொக்' என்று உள்ளே காலியாகச் சத்தம் போடும். ஹால் கூரையிலிருந்து தேர் அளவுக்கு ஒரு கண்ணாடி விளக்குத் தொங்கியது. யாராவது உரக்கப் பேசினால் அது மெல்லக் கிணுகிணுக்கும். நீ அண்ணாந்து பார்த்துச் சொன்னாய்: "மச்சான், இங்க நீ பொய் சொன்னா மேல மணி அடிக்குது பாரு."

மூன்றாம் நாள் பிற்பகல், மேல்மாடிக் கடைசி அறையில் நான் தனியாக இருந்தேன். திரைக்கு உள்பக்கம் கொடுக்கிற வெள்ளைத் துணியை நீளம் பார்ப்பதற்காக ஊசி குத்தித் தொங்கவிட்டிருந்தேன். குனிந்து நாடாவைச் சுருட்டிக்கொண்டிருக்கும்போது முதுகில் ஏதோ தொட்டது. திரும்பினேன். ஆள் உயரத்துக்கு வெள்ளையாக ஒன்று எழுந்து, கையை விரித்து, என்னை நோக்கி வந்தது.

அத்தனை படிகளையும் இரண்டு எட்டில் இறங்கியவன் இந்த மாவட்டத்திலேயே நான் ஒருவன்தான். ஒரு செருப்பு மேலேயே நின்றுவிட்டது. நீ ஏறிப் போனாய். திரும்பி வரும்போது தோளில் அந்த வெள்ளைத் துணி கிடந்தது.

"உன் துணிதான் மச்சான். ஓரம் இன்னும் அடிக்கல."

அவசரத்தில் செருப்பை நாம் இரண்டு பேருமே மறந்தோம். சாயங்காலம் பஸ் ஸ்டாண்டு டீக்கடையில், ஒற்றைச் செருப்போடு நின்ற என்னைப் பார்த்து எல்லாரும் கேட்டார்கள். நான் தைத்த துணியே என்னைத் துரத்தியது என்று ஒரு சக்கரவர்த்தி எப்படிச் சொல்வான்? வெள்ளை கவுன் போட்ட துரைசானி என்றேன். பாதம் தரையில் படவில்லை என்றேன். "ஹாட் வாட்டர்" என்று கேட்டபடி படியில் இறங்கி வந்தாள் என்றேன். நீ பக்கத்தில் டீ கிளாஸைப் பிடித்தபடி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாய். மச்சான் மானத்தைக் காப்பாற்றினாய். அன்றைக்கே நீ சிரித்துக் காட்டிக்கொடுத்திருக்கலாம் மாப்ளே.

நான் விட்டது ஒரே ஒரு துரைசானிதான். கதை மொரப்பூர் ஸ்டேஷனுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளுக்கு ஒரு குதிரை கிடைத்திருந்தது. கணவாயில் லாரி கவிழ்ந்தால் அவள் குறுக்கே வந்தாள் என்றார்கள். திரைகளை மாட்டி முடித்த கையோடு உனக்கு அங்கேயே ரூம் பாய் வேலை கிடைத்தது, நான் சொல்லித்தான். மீசை நரைத்த பிறகும் உன்னை 'பாய்' என்றே கூப்பிட்டார்கள். பேயைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கெல்லாம் நீ ஒரே பதில் வைத்திருந்தாய்: "பேயிக்கும் பெட்ஷீட் நாந்தான் மாத்தணும்."

பிறகு செல்போனைத் தூக்கிக்கொண்டு பையன்கள் பேய் பிடிக்க வந்தார்கள். படம் எடுத்து உலகத்துக்கெல்லாம் காட்டினார்கள். குடும்பமாக வந்து தங்குகிறவர்கள் நின்றுபோனார்கள். முதலில் சமையல்காரர் போனார், அப்புறம் பெருக்குகிற அம்மா, அப்புறம் மற்ற ரூம் பாய்கள். பயந்துகொண்டு போனார்கள். மேலே தண்ணீர் ஏற்றுகிற மோட்டார் கெட்டபோது பழுது பார்க்க வந்தவன்கூட மாடிக்கு ஏற மாட்டேன் என்று திரும்பிவிட்டான். அன்றிலிருந்து மேல்மாடிக்கு வெந்நீரை வாளியில் சுமந்தவன் நீ.

"நீ பெத்துப் போட்ட பேயிக்கு நான் சோறு போட்டுக்கிட்டு இருக்கறேன் மச்சான்," என்று சிரிப்பாய். நானும் சிரிப்பேன்.

கடைசியாக நீ கடைக்கு வந்தது பேண்டின் இடுப்பைக் குறைக்க. இரண்டு இஞ்சு பிடிக்க வேண்டியிருந்தது. ஊரார் உடம்பையெல்லாம் அளந்தே காலம் தள்ளியவன் நான். நீ இரண்டு இஞ்சு இளைத்ததை நாடாவில் பார்த்தேன், எழுதிக்கொண்டேன், தைத்துக் கொடுத்தேன். கிளம்பும்போது இடது தோளைத் தேய்த்துக்கொண்டே, "இங்க ஒரே வலி மச்சான், ஒரு வாரமா," என்றாய்.

"துரைசானி தொட்டிருப்பா, குடுத்து வெச்சவன்டா நீ," என்றேன்.

கடையே சிரித்தது. நீயும்தான்.

ஒன்பதாம் நாள், காலையில், வெந்நீர் வாளியோடு நாலாவது படியில் விழுந்துகிடந்தாய். நெஞ்சுவலி என்றார் டாக்டர். பேய் அடித்துவிட்டது என்றது ஊர். டாக்டர் சொன்னது ஒரு சீட்டில் இருந்தது. ஊர் சொன்னது உன் பெண்டாட்டி காதில் இருந்தது. எரித்துவிட்டு வந்த நாளிலிருந்து என் தங்கச்சி தூங்கவில்லை.

வெளியிடத்தில் உயிர் போனவரை அந்த இடத்துக்கே போய், மூன்று தரம் பேர் சொல்லிக் கூப்பிட்டு, ஒரு பிடி மண்ணில் வீட்டுக்கு அழைத்து வர வேண்டும் என்பது நம் வீட்டு வழக்கம். வழியில் பாலம், மேடு, திருப்பம் எது வந்தாலும் சொல்லிக்கொண்டே வர வேண்டும். புதுசாகப் போனவருக்கு வழி தெரியாது. கூப்பிட்டவர் வீடு சேரும்வரை திரும்பிப் பார்க்கக் கூடாது. பார்த்தால் அவர் அங்கேயே நின்றுவிடுவார். கருமாதிக்கு இரண்டு நாள் இருக்கும்போது அவள் என்னிடம் வந்தாள்.

"அவரு பேர நான் சொல்ல முடியாதுங்கண்ணா. நீங்கதான் கூப்புடணும். நீங்கதான அங்க கூட்டிட்டுப் போனீங்க. கூப்புட்டா வருவாருங்களா? அந்தத் துரைசானி அவர வுடுங்களா?"

அந்தக் கேள்விக்கு அங்கேயே பதில் சொல்லியிருக்க வேண்டும். துரைசானி என்று ஒருத்தி கிடையாது என்று சொன்னால் அவள் அன்றிரவு தூங்குவாள். ஆனால் அதற்கப்புறம், ஆள்களெல்லாம் ஓடிப்போய் நீ ஒற்றை ஆளாக வாளி சுமந்தது யாரால் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். எனக்கு இருப்பது ஒரே தங்கச்சி. வண்டியை எடுக்கிறேன் என்று மட்டும் சொன்னேன்.

போய்ச் சேர்ந்தபோது உச்சி நேரம். இரவு என்றால்கூட ஒரு டார்ச் லைட்டுக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளலாம்; உச்சி வெயிலில் ஒளிய இடமில்லை. ஓட்டலைப் பூட்டியிருந்தார்கள். வாட்ச்மேன், அந்தக் கன்னடக்காரப் பெரியவர், கதவைத் திறந்துவிட்டு வாசலிலேயே நின்றுகொண்டார்.

"உள்ள பேடாங்க, வேண்டாங்க. வெளியவே நின்னு கூப்புடுங்க. தெனம் இந்த நேரத்துக்கு வாளிச் சத்தம் கேக்குது. அந்தம்மா இன்னும் சுடுதண்ணி கேக்கறாங்க."

வெந்நீர் கேட்கிற துரைசானி. நான் டீக்கடையில் விட்ட அதே சொல். என் வாயிலிருந்து போனது சுற்றிச் சுற்றி, எனக்கு முன்னால் வந்து அங்கே உட்கார்ந்திருந்தது. பொய் என்று உலகத்தில் நிச்சயமாகத் தெரிந்த ஒரே ஆள் நான், மாப்ளே. அப்படியும் இந்தத் தரம் செருப்பு இரண்டையும் வாசலிலேயே கழற்றி வைத்துவிட்டுத்தான் உள்ளே போனேன்.

தங்கச்சி மஞ்சள் துணியும் தேங்காயுமாகப் படிக்குக் கீழே நின்றாள். நான் ஏறினேன். நாலாவது படி 'டொக்' என்றது. அடுத்த படியில் உன் வாளி அப்படியே சாய்ந்து கிடந்தது. யாரும் அதைத் தொடவில்லை. மாடிப்படியில் ஏது மண்? உட்கார்ந்து, நூல் வெட்டுகிற சின்னக் கத்திரியால் நாலாவது படியின் காரையைப் பெயர்த்தேன். துண்டுகளைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு உன் பெயரைச் சொன்னேன். குரல் மேலே போய், ஒவ்வொரு அறையாகக் கதவைத் தட்டிவிட்டுத் திரும்பி வந்தது. இரண்டாம் தரம் சொன்னேன். மேலே, கடைசி அறைப் பக்கம், வெள்ளையாக ஒன்று மெல்ல எழுந்து தணிந்தது. நான் தைத்த திரைதான். தெரியும். வேர்வை கண்ணில் இறங்கியது. மூன்றாம் தரம் கூப்பிட வாய் திறக்கவில்லை. நீ வராமல் போய்விடுவாயோ என்பதைவிட, வந்து என் எதிரில் நின்றுவிடுவாயோ என்பதுதான் பயமாக இருந்தது.

கீழேயிருந்து அவள் கேட்டாள். "என்னங்கண்ணா, வுடமாட்டேங்குதுங்களா அது?"

"துரைசானி யாரும் இல்லடா மாப்ளே," என்றேன். அவளுக்குச் சொல்லத் தைரியம் இல்லாமல், அவள் காதில் விழும்படி உனக்குச் சொன்னேன். "நாந்தான் வுட்டேன். என் துணியப் பாத்து நானே பயந்து ஓடுனதுக்கு அப்படி ஒரு கத கட்டுனேன். அதக் கேட்டுத்தான் எல்லாரும் ஓடிட்டாங்க. நீ ஒத்த ஆளா நின்ன. உன்னப் புடிச்சு வெக்க இங்க யாரும் இல்ல. வா, வூட்டுக்குப் போலாம்."

பிறகு மூன்றாவது தரம் உன் பெயரைச் சொன்னேன். கூரை விளக்கிலிருந்து ஒரு சத்தமும் இல்லை.

இறங்கினேன். என் பாரத்தில் நாலாவது படி ஒரு தரம் 'டொக்' என்றது. நான் தரைக்கு வந்து, தங்கச்சி நீட்டிய துணியில் காரையைக் கொட்டிக்கொண்டிருக்கும்போது, பின்னால் அது இன்னொரு தரம் 'டொக்' என்றது. இதில் நான் ஒரு நூல்கூடச் சேர்க்கவில்லை. அவளுக்கும் கேட்டது; துணியை அவசரமாக முடிந்தாள். இரண்டு பேரும் திரும்பாமல் வெளியே வந்தோம்.

ஸ்கூட்டரை எடுப்பதற்கு முன் இரண்டு கண்ணாடிகளையும் வெளிப்பக்கமாகத் திருப்பிவிட்டேன். கண்ணாடியில் பார்ப்பது திரும்பிப் பார்த்த கணக்கா என்று பெரியவர்கள் யாரும் சொல்லி வைக்கவில்லை. அவள் உன்னை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்கார்ந்தாள். வழி நெடுக உன்னோடு மட்டும் பேசினாள்.

"பாலம் வருதுங்க, பாத்து வாங்க." "இங்க மேடுங்க." "ரயில்வே கேட்டு போட்டுட்டாங்க, கொஞ்சம் நில்லுங்க."

கேட்டில் கூட்ஸ் வண்டி போய் முடிகிறவரை நின்றோம். அறுநூறு பெட்டிகள் இருக்கும். என் முதுகுக்குப் பின்னால் அவள் அழுகிறாளா, என் கழுத்தை வெறித்துப் பார்க்கிறாளா, தெரியவில்லை. திரும்ப முடியாது. திரும்பினால் உன்னை இழப்போம். திரும்பாவிட்டால் அவள் முகம் தெரியாது. நான் பயந்ததெல்லாம் பயமே இல்லை மாப்ளே. அந்தக் கேட்டில் நின்றதுதான் பயம்.

வீட்டு வாசலில் அவள் இறங்கினாள். "வந்துட்டமுங்க, உள்ள வாங்க," என்று உன்னை அழைத்துக்கொண்டு போனாள். விளக்கேற்றுகிற சத்தம் கேட்டது. நான் தெருவைப் பார்த்தபடி வண்டியிலேயே உட்கார்ந்திருந்தேன். இனி அந்த வாசலை மிதிக்க எனக்கு என்ன முகம்?

ரொம்ப நேரம் கழித்து உள்ளேயிருந்து குரல் வந்தது.

"வண்டிய நிறுத்திட்டு நீங்களும் வாங்கண்ணா. நீங்க வாசல்லயே இருந்தா அவரும் அங்கயேதான் நிப்பாரு."

போனேன். காப்பி கொடுத்தாள். அந்தப் பேச்சை அவள் அன்றைக்கும் எடுக்கவில்லை, இன்றுவரையும் எடுக்கவில்லை. கருமாதி முடிந்து மஞ்சள் துணியோடு உன்னை ஒகேனக்கல் ஆற்றில் விட்டோம். அதற்கப்புறம்தான் என் சட்டைப் பை மூலையில் இந்தத் துண்டு ஒட்டியிருந்ததைப் பார்த்தேன். அவளிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னை முழுசாகக் கொண்டுவந்து சேர்த்தேனா, கொஞ்சம் வழியிலேயே விட்டேனா என்று தெரியாமல் டப்பாவில் வைத்திருக்கிறேன்.

இன்று மஞ்சள் ரவிக்கையில் விழுந்த கோட்டைத் தட்டினேன், போகவில்லை. தையலுக்கு உள்பக்கம் போகும்படி மடித்துத் தைத்துக் கொடுத்துவிட்டேன். துரைசானி கதையை யாராவது எடுத்தால், அது நான் தைத்தது என்று சொல்லிவிடுகிறேன். ஒருவரும் நம்புவதில்லை, அவன் எப்போதும் இப்படித்தான் அளப்பான் என்று சிரிக்கிறார்கள்.

சாயங்காலம் கடையைப் பூட்டி வீட்டுக்குப் போகும் வழியில் இரண்டு வேகத்தடை, ஒரு சின்னப் பாலம். பின்சீட்டில் யாரும் இருப்பதில்லை. "மேடு வருது மாப்ளே, புடிச்சுக்கோ," என்று சொல்லிவிட்டுத்தான் ஏற்றுகிறேன். கண்ணாடி கோணலாக இருக்கிறது என்று எதிரில் வருகிறவர்கள் கை காட்டுகிறார்கள்.

அதை நான் இன்னும் திருப்பி வைக்கவில்லை.

உன் மச்சான்