திருத்தம் தயார், வெளியீடு தையில்

நாள் 212, காலை 08:10
சீரிஸ் குறுங்கோள், தகவல் அஞ்சல் நிலையம். பராமரிப்பாளர்: ஜெசிந்தா. வேறு ஆள் இல்லை.

'மூச்சு' மென்பொருளில் இரண்டு பிழைகளைச் சரிசெய்தேன். விண்கப்பல்களின் காற்றைக் கவனித்துக்கொள்ளும் திறமூல மென்பொருள் இது. நிரலை யாரும் படிக்கலாம், யாரும் திருத்தலாம். ஆனால் என் கையொப்பத்தோடு வெளியாகும் பதிப்பை மட்டுமே கப்பல்கள் ஏற்கும். இரண்டு திருத்தங்களும் கிடப்பில். அடுத்த வெளியீடு தை முதல் தேதி.

நாள் 213, காலை 08:25

ஏன் கிடப்பில் என்று இதைக் கண்டெடுப்பவருக்குச் சொல்லிவிடுகிறேன். முன்பெல்லாம் திருத்தம் தயாரான அன்றே வெளியிடுவேன். ஒவ்வொரு பதிப்பையும் சோதிப்பதிலேயே பொழுது போகிறது என்று கப்பல்காரர்கள் சலித்துக்கொண்டார்கள். நியாயம்தான். வெளியீட்டுக் குழுத் தலைவர் கார்மேகம் விதி போட்டார்: ஆறு மாதத்துக்கு ஒரு வெளியீடு. விலக்கு வேண்டுமென்றால் குழு முழுவதும் கூடி வாக்களிக்க வேண்டும்.

என் தம்பி இன்னாசியின் கப்பலில் காற்று கெட்டபோது திருத்தம் என் கையில் இருந்தது. கெஞ்சினேன். கார்மேகம் சொன்ன பதில்:

"ஒரு கப்பலுக்காக அட்டவணையக் கலைக்க முடியாதும்மா. இன்னைக்கு உனக்கு, நாளைக்கு இன்னொருத்தனுக்கு. எங்க போய் நிக்கும்?"

குழு கூடியது. இன்னாசி செத்த பிறகு.

நாள் 219, காலை 09:40

ஆய்வுக்காக இங்கே வந்துகொண்டிருக்கும் சிறு கப்பலிலிருந்து செய்தி. அதில் இருவர்: கார்மேகம், கப்பலோட்டி பர்வீன். கரியமில வாயு ஏறுகிறது. 'மூச்சு' பழைய அளவையே காட்டிக்கொண்டிருக்கிறது.

பிழை அகப்பட்டது. காற்றை அளக்கும் உணரி ஒரு கணம் அணைந்து மீண்டும் இயங்கும்போது பழைய எண் அப்படியே நின்றுவிடுகிறது. ஒரே வரி. திருத்திச் சோதித்தும் விட்டேன்.

வெளியிடவில்லை.

11:15

கார்மேகம்: "ஜெசிந்தா, தலை வெடிக்குது. திருத்தம் இருந்தா உடனே விடும்மா."

என் பதில்: "வெளியீடு தை ஒண்ணாந்தேதி ஐயா. விலக்கு வேணும்னா குழு கூடணும்."

சொல்லும்போது இனித்தது.

12:50

"தலைவர் சொல்றேன், விதிய ரத்து பண்றேன்!"

"தலைவர் மட்டும் ரத்து பண்ண முடியாதுன்னு எழுதுனதே நீங்கதான?"

"உன் தம்பி விஷயத்துல தப்புப் பண்ணிட்டேம்மா. மன்னிச்சிரு."

அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். போதவில்லை. இன்னும் கெஞ்சட்டும்.

14:05

பர்வீன்: "அக்கா, நான் எந்தக் குழுவுலயும் இல்ல. அவருக்கு மயக்கமா வருது. இருக்குறது ஒரு முகமூடி, அவருக்குப் போட்டுட்டேன். இயந்திர அறைக்குப் போய் காத்து வால்வைக் கையால திறக்கப் பாக்குறேன்."

வாயு அதிகம் தேங்குவதே அந்த அறையில்தான்.

"போகாத பர்வீன்! இந்தா, விடுறேன்!"

கையொப்பமிட்டேன். வெளியிட்டேன். ஆனால் என் குரல் அங்கே போய்ச் சேரவே சில நிமிடங்கள் ஆகும்.

15:30

புதிய பதிப்பு ஏறிவிட்டது. காற்று தெளிகிறது. கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறேன். பதில் இல்லை.

17:20

கார்மேகம்: "நான் பொழச்சிட்டேன் ஜெசிந்தா. அந்தப் பொண்ணு வால்வுப் பக்கத்துலயே கெடக்கா. உலுக்கிப் பாத்தேன்... திருத்தம் எப்பம்மா தயாராச்சு?"

நாள் 220

தூங்கவில்லை. திறந்து கிடக்கும் நிரல். தயாரான நேரம், வெளியான நேரம், இரண்டும் அதில் பதிவு; எல்லாக் கப்பல்களும் படித்துவிட்டன. பர்வீனின் தங்கையிடமிருந்து ஒரு செய்தி:

"எங்க லாத்தா உங்களுக்கு என்ன செஞ்சா?"

நாள் 221

கப்பல் வந்து பொருந்திவிட்டது. கார்மேகம் கப்பலுக்கும் நிலையத்துக்கும் நடுவிலுள்ள இடையறைக்குள் நின்று உள்கதவைத் தட்டுகிறார். திரையில் முகம் தெரிகிறது. அழுதிருக்கிறார். பர்வீனுக்காக நானும்தான் அழுதேன்.

திறக்க வேண்டும். இடையறையின் கதவும் காற்றும் என் விசைப்பலகையில்தான்.

"கதவத் தொறம்மா. அவளையும் கொண்டாந்திருக்கேன்."

திறக்கிறேன். திறந்துவிடுவேன். இவர் இன்னும் மூச்சு விட்டுக்கொண்டுதான் இருக்கிறார். என் விரல் காற்றுப் பொத்தானின் மேல் இருக்கிறது.