வெள்ளிக்கிழமை வெளிச்சம்

பிப்ரவரி 16, திங்கள்

இன்று முதலாளியிடம் சொல்லாமல் வந்தது: இந்த லீவு முடிந்து நான் ஸ்டூடியோவுக்குத் திரும்புவதாக இல்லை.

சொல்லத்தான் போனேன். பாஸ்போர்ட் படத்துக்கு ஒரு குழந்தையை உட்கார வைத்திருந்தார்கள். இரண்டு காதும் தெரிய வேண்டும் என்று அதன் அப்பா தலையைப் பிடித்துக்கொண்டிருக்க, அது முதலாளியின் மூக்குக் கண்ணாடியைப் பிடுங்கப் பார்த்தது. அதற்கு நடுவில், "நாலு நாள்தானே, போயிட்டு வாம்மா. லென்ஸ்ல தூசியோட வந்தா மட்டும் உள்ள விடமாட்டேன்" என்றார். நல்ல மனுஷர். அதனாலேயே வாய் வரவில்லை.

சித்தி எழுதும் பயணப் புத்தகத்துக்கு நான்தான் படம் எடுக்கப்போகிறேன். அம்மாவின் தங்கை, என்னைவிடப் பத்து வயதுதான் பெரியவள். நான் படித்த புத்தகங்களில் பாதி அவள் அலமாரியிலிருந்து வந்தவை. "அட்டையில என் பேருக்குப் பக்கத்துல உன் பேரு. அதே சைஸ்ல." அவளாகச் சொன்னது, நான் கேட்கவில்லை. இந்த ஒரு புத்தகம் வந்துவிட்டால் அடுத்ததைக் கேட்டு யாராவது வருவார்கள். பிறகு எனக்குக் காது தெரிகிற படங்கள் வேண்டாம்.

ஒரே ஒரு நிபந்தனை. நாங்கள் போகப்போகும் பழைய நகரத்தைப் பற்றி ஒரு வரிகூடப் படிக்காமல் வர வேண்டுமாம். "முதல் தடவை பார்க்கிற கண்ணு ஒருதரம்தான்டி கிடைக்கும். படிச்சுக் கெடுத்துக்காதே." என்னிடம் போய்ப் படிக்காதே என்கிறாள். சோற்றைக் கண்ணில் காட்டிவிட்டு எட்ட வைத்த மாதிரி இருக்கிறது. இருந்தும் படிக்கவில்லை.

பிப்ரவரி 19, வியாழன்

வந்து சேர்ந்தோம். கோட்டைச் சுவருக்கு உள்ளே வண்டிகள் வராது. பெட்டியைத் தூக்கிக்கொண்டு படி ஏறியதில் கை விட்டுப்போயிற்று.

எல்லோரும் மணிக்கூண்டைப் படம் எடுக்கிறார்கள். எடுத்த படத்தை அங்கேயே பார்த்துவிட்டு மறுபடி அதையே எடுக்கிறார்கள். நானும் எடுத்தேன், வெட்கமாக இருந்தது. பிறகு அதற்கு முதுகைக் காட்டி நின்றேன். அப்போதுதான் ஊர் தெரிய ஆரம்பித்தது: பாதி இடிந்த வளைவுக்குள் ஒருவர் போட்டிருக்கும் பூட்டுக் கடை, மழைத் தண்ணீர் ஓடி ஓடிக் கல்லில் விழுந்த பள்ளம், அதில் தலை நனைக்கும் புறா.

மாலையில் சித்தி கேமராவை வாங்கி ஒவ்வொரு படமாகப் பார்த்தாள். எங்கே நின்றாய், சூரியன் எந்தப் பக்கம், யாரிடமாவது கேட்டுக்கொண்டு உள்ளே போனாயா. இவ்வளவு அக்கறையாக என் படங்களை யாரும் பார்த்ததில்லை. எல்லாவற்றையும் தன் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டாள், பத்திரமாக இருக்கட்டும் என்று.

பிப்ரவரி 20, வெள்ளி

கிடைத்துவிட்டது!

மதியம். படம் எடுக்கிறவர்கள் தூங்கும் நேரம். சித்தியும் தூங்கிக்கொண்டிருந்தாள். விடுதிக்குப் பின்னால் இறங்கும் ஒரு சந்து, இரண்டு பேர் எதிரெதிரே வந்தால் ஒருவர் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். இருட்டாக இருக்கும் என்றுதான் நுழைந்தேன். உள்ளே பால் போல ஒரு வெளிச்சம், நிழலே விழாத வெளிச்சம். வாசற்படியில் ஒரு பெண் சட்டைப் பொத்தான் தைக்க உட்கார்ந்திருந்தாள். ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஊசியை உயர்த்தி நூல் கோக்கப் பார்த்தாள். நூல் ஏறவில்லை. எச்சில் தொட்டாள். மறுபடி உயர்த்தினாள். எடுத்தேன்.

"என் மூஞ்சி இல்லாம ஊசியை மட்டும் எடுக்கக் கூடாதா?" என்றாள். காட்டினேன். வெகுநேரம் பார்த்துவிட்டு, "எங்கம்மா மாதிரி இருக்கேன்" என்றாள்.

சித்தி அந்தப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தாள். என் கன்னத்தைத் தொட்டாள். பிறகுதான் கேள்விகள்: எந்தச் சந்து, சரியாக எந்த நேரம், வெளிச்சம் எப்படி வந்தது? எதிர்ச்சுவர் வெள்ளையாக இருந்தது, அதிலிருந்துதான் என்றேன்.

பிப்ரவரி 21, சனி

காலையில் டீ கொண்டுவந்த விடுதிக்காரம்மா கேட்டார். "ஏம்மா, இந்த ரூம் நல்லா இருக்கா, மேல் ரூம் கொடுக்கலாமா? அடுத்த மாசம் வர்ற போட்டோக்கார சாருக்கு நீங்க சொல்ற ரூமைத்தான் கொடுக்கணுமாம். உங்க சித்தி சொன்னாங்க."

"எந்த சார்?"

"நல்லா இருக்கே. உங்க சாரைப் பத்தி என்னைக் கேட்டா எப்படி? விருதெல்லாம் வாங்கினவராமே. அவருக்கு மூணு நாள்தான் டைமாம், அதனால முன்னாடியே ஆள் வந்து இடமெல்லாம் பார்த்து வைக்கணும்னு சொன்னாங்க. நீங்கதானே அது? படத்துல நானும் விழுவேனான்னு அவர்கிட்ட கேட்டுச் சொல்லுங்க. டீ ஆறுது, குடிங்க."

குடித்தேன்.

சித்தி குளித்துவிட்டு வந்தாள். தலையைத் துவட்டியபடி, இன்றைக்குக் கோட்டையின் கிழக்குப் பக்கம் போகலாமா என்றாள். போகலாம் என்றேன். போனோம். படம் எடுத்தேன். எங்கே நின்றாய் என்று கேட்டாள். சொன்னேன்.

படிக்காதே, கண் கெட்டுவிடும் – இதுக்குத்தானா? மோப்பம் பிடிக்கக் கூட்டிட்டு வந்திருக்கா. நான் ஓடி ஓடி மோந்து பார்த்து வாலை ஆட்டியிருக்கேன்.

பிப்ரவரி 22, ஞாயிறு

ரயிலுக்கு நேரம் இருந்தது. தனியாகச் சந்துக்குப் போனேன், அதே மதியம். இருட்டு. கிணற்றுக்குள் இறங்கியது போல. ஊசிப் பெண்ணின் கதவு சாத்தியிருந்தது. எதிர்ச்சுவர் வெள்ளையாகத்தான் இருக்கிறது, பாவம், அதுமட்டும் என்ன செய்யும்?

அண்ணாந்து பார்த்தேன். மேலே மொட்டை மாடியிலிருந்து மாடிக்குக் கட்டிய கொடிகள் காலியாகக் கிடந்தன. அன்றைக்கு அதில் வரிசையாகப் படுக்கை விரிப்புகள் தொங்கியது இப்போதுதான் நினைவுக்கு வருகிறது. பார்த்தும் பார்க்காமல் இருந்திருக்கிறேன். விடுதிகளெல்லாம் வாரக் கடைசிக் கூட்டத்துக்கு முன்னால் வெள்ளிக்கிழமை வெளுத்துக் காயப்போடுகின்றன. வெயில் விரிப்பில் பட்டு அங்கிருந்து கீழே இறங்கியிருக்கிறது. ஸ்டூடியோவில் மணப்பெண்ணின் முகத்துக்குக் கீழே வெளிச்சத்தைத் திருப்பத் தெர்மகோல் பிடிப்போமே, அதேதான்.

ஓடிப்போய்ச் சித்தியிடம் சொல்ல ஒரு காலை எடுத்து வைத்துவிட்டேன். பழக்கம்.

பிப்ரவரி 23, திங்கள்

நேற்று ரயிலில் கேட்டுவிட்டேன். அவள் ஆரஞ்சுப் பழம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"அட்டையில யார் பேரு சித்தி?"

மறுக்கவில்லை. "விடுதிக்காரம்மாவுக்கு வாய் நிக்காதே" என்றாள். பிறகு, "பதிப்பகத்துல ஒத்துக்கலடி. அவர் பேரு இருந்தாத்தான் புத்தகம் நகருமாம். உனக்காக எவ்வளவோ பேசிப் பார்த்தேன்."

"எப்போ?"

"ஜனவரியில."

"ஜனவரியிலயே தெரியும். அப்புறம் எதுக்கு என்னைக் கூட்டிட்டு வந்தே?"

"நீ பார்க்கிற மாதிரி யாராலயும் பார்க்க முடியாதுன்னு எனக்குத் தெரியும்டி. அதான்."

என் வாழ்நாளில் என்னைப் பற்றி யாரும் இதைவிட நல்லதாக ஒன்று சொன்னதில்லை. அதை இதற்குப் பயன்படுத்தினாள்.

"நன்றின்னு ஒரு பக்கம் வரும், அதுல உன்னைப் போடறேன். உங்கம்மாகிட்ட எதுவும் சொல்லாதே, அவ வேற மாதிரி எடுத்துப்பா" என்று பாதிப் பழத்தை நீட்டினாள். வாங்கிக்கொண்டேன். தின்றேன். ஏன் வாங்கினேன்?

பிப்ரவரி 24, செவ்வாய்

ஸ்டூடியோவுக்குப் போனேன். முதலாளி லென்ஸை ஊதிப் பார்த்துவிட்டு உள்ளே விட்டார்.

அம்மாவிடம், என் படங்கள் சரியாக வரவில்லை, சித்தி வேறு ஆளைப் பார்த்துக்கொள்வாள் என்று சொன்னேன். "போனாப் போகுது, அடுத்த தடவை நல்லா எடு" என்றாள். சித்தியைக் காப்பாற்ற எனக்கு என்ன அவசரம்?

மார்ச் 24, செவ்வாய்

ஒரு கல்யாணப் பெண்ணுக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தபோது சித்தியின் போன்.

"ஏய், அந்தச் சந்துல மதியம்னுதானே சொன்னே? இங்க கும்மிருட்டா கெடக்குடி."

பின்னால் ஒரு ஆண் குரல். விருதுக்காரராகத்தான் இருக்கும். "அந்தப் பொண்ணு எதையாவது மாத்திச் சொல்லியிருக்குமா?"

சித்தி அவரிடம் சொன்னது தெளிவாகக் கேட்டது. "அவளுக்குப் பொய் சொல்ல வராது சார்."

"தெரியல சித்தி" என்றேன். "மேகமா இருக்கும்."

"வானம் பளிச்சுன்னு இருக்கே."

"அப்போ தெரியல."

போனை வைத்துவிட்டுத் தெர்மகோலைப் பிடித்தேன். பெண்ணின் அம்மா, "அதைக் கொஞ்சம் கிட்டப் பிடிங்க, இன்னும் சிவப்பாத் தெரியட்டும்" என்றார்.

மார்ச் 25

நிம்மதியாகவும் இல்லை. வருத்தமாகவும் இல்லை. நிறைய படித்திருக்கிறேன், இதற்கு என்ன பெயர் என்று எதிலும் இல்லை.

நவம்பர் 8

புத்தகம் தபாலில் வந்தது. அம்மாதான் பிரித்தாள். கனமான தாள், அட்டையில் மணிக்கூண்டு. சித்தியின் பெயர், பக்கத்தில் அதே அளவில் அந்த விருதுக்காரர் பெயர். நன்றிப் பக்கத்தில் "பயணத்தில் துணைக்கு வந்த என் அக்கா மகளுக்கும்" என்று இருந்தது.

நான் அடுப்படியில் இருந்தேன். அம்மா கூப்பிட்டாள். "இங்க வந்து பாரேன். இந்தம்மா ஊசி கோக்கிறதை. வெளிச்சம் எங்கிருந்து வருதுன்னே தெரியல. பெரிய ஆளு பெரிய ஆளுதான். நீயும் இப்படி எடுக்கக் கத்துக்கோடி."

என் படம். இரண்டு பக்கம் நிறைய. எச்சில் தொட்ட நூலின் நுனிகூடத் தெரிகிறது.

நவம்பர் 9

போன் செய்தேன்.

"தப்பு நடந்துபோச்சுடி. லேப்டாப்புல எல்லாம் ஒண்ணாக் கெடந்துது. வடிவமைக்கிறவர் தெரியாம எடுத்துப் போட்டுட்டார்."

"நீ புரூஃப் பார்க்கலையா?"

"அந்தப் படம் இல்லாம அந்த அத்தியாயமே நிக்காது. நீ அன்னிக்கு ஒழுங்காச் சொல்லியிருந்தா அவரே எடுத்திருப்பாரு. இந்தச் சங்கடமே இல்லை."

ஆக, நான் பொய் சொன்னது அவளுக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது. அதற்குக் கூலியாக எடுத்துக்கொண்டாளா?

நவம்பர் 15

அந்தப் படத்தின் அசலையும், அதற்கு முன்னும் பின்னும் எடுத்தவற்றையும் பதிப்பகத்துக்கு அனுப்பினேன். நூல் ஏறாதது, ஏறியது, அவள் என்னைப் பார்த்துச் சிரித்தது எல்லாம் அதில் இருக்கின்றன. அனுப்பும் முன் அம்மாவை உட்கார வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். என் லேப்டாப்பில் வரிசையாகக் காட்டினேன். அம்மா பார்த்தாள். நம்பினாள். அதில் குறையில்லை.

பிறகு சொன்னாள். "இவ்வளவு நாள் மூடி வெச்சது வெச்சாச்சு. இனிமே எதுக்கு? கூடப் பொறந்தவளை ஊர் சிரிக்க வைக்கணுமா? வீட்டுக்குள்ள பேசித் தீர்த்துக்கக் கூடாதா?"

"பேசினேம்மா. ரயில்ல பேசினேன், போன்லயும் பேசினேன்."

"ஒரு படம்தானேடி."

"ஆமாம்மா. ஒரு படம்தான்."

அனுப்பியது தெரிந்ததும் எழுந்து போய்த் துணி மடித்தாள். என் துணிகளைத் தனியாக எடுத்து நாற்காலியில் வைத்தாள்.

நவம்பர் 30

பதிப்பகத்திலிருந்து இரண்டு வரி. வருந்துகிறார்களாம். அடுத்த பதிப்பில் திருத்துவார்களாம். சித்தி அம்மாவுக்குப் போன் செய்து அழுதிருக்கிறாள். அம்மா கதவைச் சாத்திக்கொண்டு பேசினாள்.

"உன்னைத் தூக்கி வளர்த்தவ அவ. அவளைப் போய்க் காட்டிக்கொடுத்துட்டியே" என்றாள் வெளியே வந்து.

காட்டிக்கொடுத்தது நான்.

ஜூலை 11

புத்தகக் கடையில் இரண்டாம் பதிப்பைப் பார்த்தேன். அந்தப் படத்தின் கீழே, பொடி எழுத்தில், என் பெயர். எழுத்துப் பிழை இல்லை. ஒரு பிரதி வாங்கினேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அவள் சித்தி வீட்டுக்குப் போகிறாள், சாப்பாட்டை மூடி வைத்துவிட்டு. சித்தி இங்கே வருவதில்லை.