வாளி இல்லாத கிணறுகள்

என் அடாவடி அக்கா ஆனந்திக்கு,

நீ சுவரில் படமாகிப் போன பிறகு வீட்டில் என்னைத் திட்ட ஆளில்லை. அம்மாவுக்குத் தெம்பில்லை, அப்பாவுக்கு மனசில்லை. அதனால் என் சேட்டையை நானே உன்னிடம் போட்டுக்கொடுக்கிறேன்.

நீ ஆராய்ச்சி செய்த கல்லூரியும் அந்தத் தண்ணீர் ஃபில்டர் கம்பெனியும் சேர்ந்து நம்ம இரும்புலியூர் கிணறுகளைச் சோதிப்பது இன்னும் நடக்கிறது. ஆனால் நீ மல்லுக்கட்டி எழுதின விதியை ஒப்பந்தத்திலிருந்து தூக்கிவிட்டார்கள். "ஃபில்டர் ரகசியத்தைக் கம்பெனி வச்சுக்கட்டும். தண்ணி ரிசல்ட் முதல்ல கிணத்துக்காரங்களுக்கு, அப்புறம் நெட்ல எல்லாருக்கும்." சோற்றுத் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! இப்போது ஃபில்டர் கடைக்கு வரும்வரை யாரிடமும் மூச்சுவிடக் கூடாதாம். கிணறெல்லாம் திறந்து கிடக்கிறது, ரிசல்ட்டுக்கு மட்டும் மூடி. இது எந்த ஊர் நியாயம்?

நம்ம கிணற்று ரிசல்ட்டும் அவர்களிடம்தான் இருக்கிறது. அம்மா இன்னும் அந்தத் தண்ணீரில்தான் உலை வைக்கிறாள்.

அதனால் போன வாரம், தண்ணீர் எடுக்க ஆள் வருகிற அன்று, தெருவிலுள்ள வாளிகளையெல்லாம் கழற்றி ரஹீம் பாய் வீட்டு மாடியில் அடுக்கிவிட்டேன். திருட்டு இல்லை, வீடு வீடாகக் கேட்டுத்தான். "போன தபா மொண்டுகினு போனாங்களே, இன்னாச்சுன்னு எவனாவது சொன்னானா?" என்று பாயே ஏணி பிடித்தார். பாட்டில்களோடு வந்த லேப் அண்ணன் முழித்துவிட்டு, உன் பேராசிரியருக்கே போன் போட்டார். அவரும் வந்துவிட்டார்.

"யார் பண்ண வேலை இது?"

"நான்தான் சார். ரிசல்ட் வந்தா வாளி வரும்."

"கம்பெனி விலகிட்டா டெஸ்ட் பண்ற மெஷின் யாருப்பா தருவா?"

"நாங்க விலகிட்டா தண்ணி யார் சார் தருவா?"

அவர் கிணற்றை எட்டிப் பார்த்தார். "ஆனந்தி எழுதினதை மறுபடியும் சேர்த்துக் கேட்டுப் பாக்கறேன். அவங்க ஒத்துப்பாங்களான்னு தெரியாது" என்றார். உன் பெயரைச் சொன்னதும் நானே அவருக்கு நாற்காலி எடுத்துப் போட்டேன். நம்புவாயா?

நாளைக்குக் கம்பெனியோடு அவருக்குக் கூட்டம். எனக்கு இருப்புக்கொள்ளவில்லை. தாம்பரம் ஸ்டேஷன்வரை சும்மாவே சைக்கிளில் போய்த் திரும்பினேன். எதிர்வீட்டு மாமா வேறு, "ரிசல்ட் கெட்டதா வந்தா நம்ம தெருவுல எவன்டா மனை வாங்குவான்?" என்று கிளப்பிவிட்டார். கெட்டது வந்தாலும் திறந்துதான் வைக்கணுமா, அக்கா? "கெட்டது வந்தாத்தான்டா" என்று தலையில் குட்டியிருப்பாய்.

சரி, குட்டு வாங்கினதாகவே வைத்துக்கொள்கிறேன். ரிசல்ட் கைக்கு வந்தால் தெருவில் முதலில் நம்ம கிணற்றுடையதை நம்ம கேட்டில் ஒட்டுவேன், நல்லதோ கெட்டதோ. அதுவரை தெருமுனை லாரியிலிருந்து அம்மாவுக்குத் தண்ணீர் நான்தான் தூக்குவேன். வாளி தூக்குவது எனக்குப் பழகிவிட்டதே.

நீ ஓங்கின கைக்கெல்லாம் தப்பி ஓடின தம்பி,
கார்த்தி