உட்கார்ந்து காட்டிய நாற்காலி

மார்ச் 4
கடையில் நாற்காலி உடைந்தது. உடைத்தது நான்.

பள்ளிக்கூட மேலாளர் ஒருவர் நாற்பது நாற்காலிக்கு விலை கேட்டு வந்தார். வழக்கம்போல ஒன்றில் தொப்பென்று உட்கார்ந்து, "என்னையே தாங்குது, உங்க பிள்ளைங்களைத் தாங்காதா?" என்றேன். இந்த உடம்பைக் காட்டித்தானே இத்தனை வருடம் விற்றேன். நாற்காலியின் கால் முறிந்து மல்லாக்க விழுந்தேன். தூக்கிவிட மூன்று பேர். அவர் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். "யோசிச்சு வரேண்ணே" என்று போய்விட்டார்.

மார்ச் 9
மனைவி டாக்டரம்மாவிடம் இழுத்துப் போனாள். எடை குறைய ஆபரேஷனாம். இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் எடுத்துவிட்டு, சட்டைக் கை மாதிரி ஒரு குழாயை மட்டும் விடுவார்களாம். பசியும் குறையுமாம். எடுத்ததைத் திரும்ப வைக்க முடியாது. காலம் முழுக்கச் சத்து மாத்திரை. நெஞ்செரிச்சல் வரலாம், அபூர்வமாகத் தையல் கசியலாம்.

பாதி எடுத்தால் போதாதா என்று கேட்டேன். வியாபாரப் புத்தி.

"இது பேரம் பேசற இடமில்லைங்க. வயித்தை நான் சின்னதாக்குவேன். வாய் உங்க பொறுப்பு."

மார்ச் 27
இன்றிலிருந்து ஆபரேஷன் வரை திரவ ஆகாரம் மட்டும். ஈரல் சுருங்கினால்தான் கருவி போக வழி கிடைக்குமாம். இல்லையென்றால் ஆபத்து. பலமாகத் தலையாட்டினேன்.

மார்ச் 31
கிடங்கில், உறை பிரிக்காத பழுப்பு சோபாவுக்குப் பின்னால், தரையில் உட்கார்ந்து வறுத்த கோழி. ஊருக்கே உட்கார இடம் விற்கிறவன்! சீ.

ஏப்ரல் 3
இன்றும். பசிகூட இல்லை. பிறகு எதற்கு?

ஏப்ரல் 6
ஆஸ்பத்திரி நர்ஸ் போனில் விசாரித்தார். கஞ்சித் தண்ணிதான் குடிக்கிறேன் என்று கூசாமல் சொன்னேன். வைத்ததும் மனைவி சொன்னாள், குரலை உயர்த்தாமல்:

"சோபா பின்னாடி எலும்பு கிடந்துச்சு. எலி வேலைன்னு ஆளுங்ககிட்ட சொல்லிட்டேன். என்கிட்ட பொய் சொல்லுங்க, பழகிடுச்சு. உங்க வயித்துல கத்தி வைக்கப்போறவங்ககிட்ட சொல்லாதீங்க."

எலி. எனக்காக எலி மேல் பழி. அவள் முகத்தைப் பார்க்க முடியல. எப்படிப் பார்க்கிறது?

ஏப்ரல் 7
டாக்டரம்மாவிடம் நானே போய்ச் சொன்னேன். திட்டவில்லை. தேதியைத் தள்ளிவைத்தார். மறைத்துத் தின்பதைப் பற்றிப் பேசவே ஓர் ஆலோசகர் இருக்கிறாராம். என்னை மாதிரி நிறையப் பேர் போலிருக்கிறது.

மே 18
ஆபரேஷன் முடிந்து இரண்டாம் நாள். ஸ்பூன் ஸ்பூனாகத் தண்ணீர். அதுவே மலை.

ஜூலை 2
மேலாளர் திரும்ப வந்தார். "இன்னைக்கு உட்கார்ந்து காட்டலையாண்ணே?" காது சுட்டது. சட்டைதான் தொளதொளத்தது, வெட்கம் இளைக்கவே இல்லை. கல்லாவிலிருந்து மனைவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இனிமே நாற்காலிக்குத்தாங்க உத்தரவாதம். எனக்கு இல்ல" என்றேன்.

அவர் சிரித்தார். நானும்.

பேசி முடித்தது: நாற்பது நாற்காலி, பழைய விலை. இரண்டு வருடத்துக்குள் கால் முறிந்தால் புதிது. எழுத்தில்.

வீட்டில் பேசி முடித்தது: என் சாப்பாடு மேசையில், அவளுக்கு எதிரில். தவறித் தின்றால் அன்றே சொல்லிவிடுவது. அவள் வாய்விட்டுத் திட்டலாம். எலியை இழுக்கக் கூடாது.