தகட்டில் பட்ட கட்டைவிரல்

செவ்வாய், ராத்திரி.

இன்று ஆய்வுக்கூடத்தில் லேசர் பட்டுத் தகடு வெடித்ததும் திரையில் வரிவரியாக அலைகள் விரிந்தன. "வெடிக்கிற நட்சத்திரம் அப்படியே இங்க இருக்கு, குமார்!" என்று இந்த நட்சத்திர வெடிப்புச் சோதனையை நடத்தும் மேடம் துள்ளினார்.

தகட்டைப் பொருத்தியவன் நான். பெட்டியை மூடிக் காற்றை உறிஞ்சிய பிறகுதான் என் கிளவுஸ் கிழிந்திருப்பதைப் பார்த்தேன். கட்டைவிரல் தகட்டில் பட்டதா, தெரியவில்லை. தகட்டில் சின்னக் கறை இருந்தாலும் அலைகளின் வடிவமே மாறிவிடும். மறுபடி திறந்தால் அரைநாள் போகும் என்று வாயை மூடிக்கொண்டேன். மடையன். இப்போது தகடே ஆவியாகிவிட்டது. எதைப் பார்த்துச் சரிபார்ப்பது?

"இன்னா, போட்ட சோறு அப்டியே கீது?" என்றாள் மனைவி. பசிக்கவில்லை என்றேன்.

காலையில் மேடம் அந்தப் படத்தை எல்லோருக்கும் அனுப்பப்போகிறார். அதற்குள் சொல்லியாகணும். எப்படி ஆரம்பிப்பது?

விளக்கடியில் கட்டைவிரலைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன். அதே வரிகள்.