அது காற்று இல்லை

இனாலா, பிரிஸ்பேன்
19 நவம்பர் 2023

என் கண்ணு குயெனுக்கு,

முன்னோர் புண்ணியத்தில் இங்கே எல்லோரும் சுகம். உன் சுகத்தை நீதான் எழுத வேண்டும். போனில் நீ கத்துவதும் நான் "என்னது, என்னது" என்பதும் போதும். காது செத்துப்போனாலும் கண் இருக்கிறது, எழுது.

முதலில் நல்ல சேதிகள். உன் பெரியப்பா மகன் வின் பல் டாக்டருக்குப் படித்து முடித்துவிட்டான். வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு வந்து முதல் வேலையாக என் வாயைத் திறந்து பார்த்து, "இதுல எனக்கு வேலையே இல்லையே அப்பத்தா, எல்லாம் போயிருச்சே" என்கிறான். அவன் தங்கை ட்ராங் ரொட்டிக் கடைக்கு இன்னொரு கிளை திறந்துவிட்டாள். விடியும்போதே வாசலில் வரிசை நிற்கிறது. உன் தம்பி லுவான் கரண்டு வேலை பழகி முடித்து லைசென்ஸ் வாங்கிவிட்டான். உங்கள் அப்பா டார்வின் மாந்தோப்பிலேயே கிடப்பதால் அவன் என்னோடுதான் இருக்கிறான். வீட்டு விளக்கையெல்லாம் மாற்றிப்போட்டு, கோழிப்பண்ணை மாதிரி ஒரே வெளிச்சம்.

பக்கத்து வீட்டு ஹ்வா உன்னைப் பற்றிக் கேட்டால், "மெல்போர்னில் ஆஸ்பத்திரி வேலை" என்று சொல்லிவைக்கிறேன். பழைய ஊசியால் நோய் தொற்றக் கூடாதென்று போதைக்காரர்களுக்குப் புது ஊசி எடுத்துக்கொடுக்கிற வேலை என்று எந்த வாயால் சொல்வது?

சொல்ல மறந்தேன். போன வாரம் லுவானுக்குக் காற்று அடித்துவிட்டது. ஈரத்தலையோடு நின்று கெட்ட காற்றை உடம்புக்குள் ஏற்றிக்கொண்டிருப்பான். குளியலறையில் சுருண்டு கிடந்தான். உதடு நீலம், பெரிய குறட்டை வேறு. பச்சை எண்ணெய் தேய்த்து, கரண்டி விளிம்பால் முதுகு முழுக்கச் சுரண்டினேன். கோடு கோடாய்ச் சிவந்தது, அதற்குப் பிறகுதான் கண் திறந்தான். நான் அஞ்சாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் காற்று இறக்குவதில் என்னை மிஞ்ச இந்தத் தெருவில் ஆளில்லை.

வேளாவேளைக்குச் சாப்பிடு.

உன் அப்பத்தா


ஃபுட்ஸ்க்ரே, மெல்போர்ன்
27 நவம்பர் 2023

அன்பு அப்பத்தாவுக்கு,

வின்னுக்கும் ட்ராங்குக்கும் என் வாழ்த்தைச் சொல்லுங்கள்.

உங்கள் கடிதம் வந்ததிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. கோபப்படாமல் கேளுங்கள் அப்பத்தா. அது காற்று இல்லை. அந்த நீல உதடும் குறட்டையும் எனக்குத் தெரியும். அது தூங்குகிறவன் விடுகிற குறட்டை இல்லை, மூச்சு நிற்கப்போகிற சத்தம். லுவான் போதை மருந்து ஏற்றிக்கொள்கிறான் என்று நினைக்கிறேன். அன்றைக்கு அவன் கண் திறந்தது நம் அதிர்ஷ்டம். கரண்டியால் இல்லை.

இதோடு ஒரு பெட்டி வருகிறது. போதையை முறித்து மூச்சைத் திருப்புகிற, மூக்கில் அடிக்கிற மருந்து இரண்டு இருக்கும். கூப்பிட்டும் உலுக்கியும் அவன் எழாவிட்டால் உடனே ஹ்வாவை ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொல்லுங்கள். ஒன்றை மூக்கில் வைத்துக் கடைசிவரை அழுத்துங்கள். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். கொஞ்ச நேரத்தில் அசைவில்லையென்றால் இன்னொன்றையும் அடியுங்கள். நான் நினைப்பது தப்பாக இருந்தாலும் அந்த மருந்து அவனுக்குக் கெடுதல் செய்யாது.

நாங்கள் ஊசி கொடுக்கிற இடத்துக்குக் கோலின் என்று ஒரு மீசைக்காரர் வருவார். "இங்க மட்டும்தான் தங்கச்சி என்னைப் பேர் சொல்லிக் கூப்பிடறாங்க. வெளிய நான் வெறும் 'ஏய்'தான்" என்பார். "தனியா இருக்கும்போது ஏத்திக்காதீங்கன்னு சொல்றேனே, அதைக் கேக்கறீங்களா?" என்றால், "எல்லாத்தையும் கேட்டுட்டா அப்புறம் உனக்கு வேலை போயிருமே" என்று சிரிப்பார். அவர் வீட்டிலும் இந்தப் பெட்டி இருக்கிறது.

லுவானைத் திட்டாதீர்கள். திட்டினால் கதவைப் பூட்டிக்கொள்வான். பூட்டின கதவுக்குப் பின்னால்தான் சாகிறார்கள் அப்பத்தா.

உங்கள் குயென்


இனாலா
8 டிசம்பர் 2023

குயென்,

உன் பெட்டி வந்தது. வந்த வழியே திரும்புகிறது.

நாள் முழுக்க அந்த மனிதர்களோடு நின்று நின்று, உன் கண்ணுக்கு எல்லோரும் அப்படியே தெரிகிறார்கள். லுவானை நேராகவே கேட்டேன். "அக்காவுக்கு வேலை பாத்துப் பாத்துப் பைத்தியம் பிடிச்சிருச்சு அப்பத்தா" என்றான். உன் தாத்தா படத்துக்கு முன்னால் ஊதுவத்தியைக் கையில் பிடித்துச் சத்தியமும் செய்தான். பெற்ற தாய் போன பிறகு அவனை நான் தூக்கி வளர்த்தேன். எனக்குத் தெரியாதா?

பிப்ரவரியில் பிறக்கிற நம் வருஷத்தின் முதல் நாள் முதலில் வாசல் மிதிக்கிறவர் எதைக் கொண்டு வருகிறாரோ, அதுதான் வருஷம் முழுக்க வீட்டில் தங்கும். இந்தத் தடவை வின்னை வரச் சொல்லியிருக்கிறேன். நீ பண்டிகைக்கு வர வேண்டாம்.

அப்பத்தா


ஃபுட்ஸ்க்ரே
15 டிசம்பர் 2023

அன்பு அப்பத்தாவுக்கு,

நான் வரவில்லை. வின்னே முதலில் வரட்டும்.

பெட்டியை மறுபடி அனுப்பியிருக்கிறேன். திருப்பினால் இன்னொரு தடவை அனுப்புவேன். என்மேல் உள்ள கோபம் என்மேலேயே இருக்கட்டும். பெட்டியை மட்டும் குளியலறைப் பக்கம் வைத்துவிடுங்கள். உங்களுக்கு இங்கிலீஷ் எழுத்து வேண்டாம், மூடியில் மூக்குப் படம் வரைந்திருக்கிறேன்.

லுவான் சத்தியம் செய்தது கெட்டவனாகிவிட்டதால் இல்லை. யார் வீட்டுக்கு வந்தாலும் பேரப்பிள்ளைகளின் பெருமையை நீங்கள் ஒவ்வொன்றாய்ச் சொல்வீர்களே, அதிலிருந்து தன் பேர் விழுந்துவிடும் என்ற பயம். அந்தப் பயம் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

உங்கள் குயென்


இனாலா
16 பிப்ரவரி 2024

என் கண்ணு குயெனுக்கு,

லுவான் உயிரோடு இருக்கிறான். அதை முதலில் எழுதிவிட்டேன், இனி மெதுவாகப் படி.

வருஷப் பிறப்புப் பண்டிகையின் நாலாம் நாள், மதியம். வாழையிலையில் கட்டி அவித்த ஒட்டரிசிக் கட்டியை வறுத்து வைத்துவிட்டுச் சாப்பிடக் கூப்பிட்டேன். வரவில்லை. குளியலறை பூட்டியிருந்தது. தட்டித் தட்டிப் பார்த்து ஹ்வாவைக் கூட்டி வந்தேன். பன்றிக் கறி வெட்டிப் பழகின தோள் அவளுக்கு. ஒரே இடியில் கதவு திறந்துகொண்டது.

அதே நீல உதடு. இந்தத் தடவை குறட்டைகூட இல்லை. "காத்துதான்க்கா, எண்ணெய் எங்க?" என்று ஹ்வா கத்துகிறாள். என் கையும் எண்ணெயைத்தான் எடுத்தது. நெஞ்சில் தேய்த்தேன், கரண்டியால் இழுத்தேன். தோல் சிவக்கவே இல்லை. மரக்கட்டையைத் தேய்த்த மாதிரி இருந்தது. அப்போதுதான் அது காற்று இல்லை என்று என் கைக்குத் தெரிந்தது. உன் பெட்டியைப் பிரிக்காமல் அலமாரியில் போட்டிருந்தேன். மூக்குப் படத்தைப் பார்த்து அடித்தேன். ஹ்வா ஆம்புலன்ஸுக்குப் பேசினாள். நான் அவனை ஒருக்களித்துப் போட்டுக் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது. பெருமூச்சு ஒன்று விட்டான். கண்ணைத் திறந்து, "என்ன பண்ணித் தொலைச்ச கிழவி" என்றான். பேரன் வாயால் திட்டு வாங்கி இவ்வளவு சந்தோஷப்பட்டவள் நானாகத்தான் இருப்பேன்.

ஆம்புலன்ஸ் பெண் பெட்டியைக் காட்டி என்னவோ கேட்டாள். ஹ்வா என் காதில் கத்தினாள்: "இது யாரு குடுத்ததுன்னு கேக்கறாங்க."

"என் பேத்தின்னு சொல்லு. மெல்போர்ன்ல போதைக்காரங்களுக்கு ஊசி எடுத்துக் குடுக்கிறவள்னு சொல்லு."

"ஆஸ்பத்திரி வேலைன்னீங்களே!"

"இப்ப இப்படிச் சொல்றேன். நான் சொன்னதை அப்படியே சொல்லுடி."

சொன்னாள். அந்தப் பெண் என் கையைப் பிடித்துக் குலுக்கிவிட்டுப் போனாள்.

லுவான் இன்னும் விடவில்லை. கிளினிக்குக்கு வருகிறேன் என்கிறான், மறுநாள் போர்வைக்குள் புகுந்துகொள்கிறான். நான் திட்டவில்லை. குளியலறைத் தாழ்ப்பாளை அவனையே கழற்றச் சொன்னேன், கழற்றினான். உள்ளே போனால் கதவு இடுக்கு வழியாக ஒரு காலை வெளியே நீட்டி வைக்க வேண்டும் என்பது எங்கள் பேச்சு. குரல் கொடுத்தால் எனக்குக் கேட்காதே. நான் நடையில் நாற்காலி போட்டுக் கீரை ஆய்வேன். ஒரு கை கீரையில், ஒரு கை அவன் பாதத்தில். அழுத்தினால் விரலை ஆட்ட வேண்டும். சில சமயம் தாமதமாகத்தான் ஆட்டுகிறான். அதற்குள் என் உயிர் போய் வருகிறது. இது சரியா தப்பா என்று எந்தச் சாமியிடம் கேட்பது என்று தெரியவில்லை. உன்னிடம் கேட்கிறேன், எழுது. நேரில் வந்து சொன்னால் இன்னும் நல்லது. வாசலை நீ எந்த நாளில் மிதித்தாலும் சரி.

மருந்து ஒன்றுதான் மிச்சம். இன்னும் இரண்டு பெட்டி அனுப்பு. ஒன்று ஹ்வாவுக்கு. அவள் அக்கா மகனுக்கும் அடிக்கடி "காற்று" அடிக்கிறதாம்.

கூடவே உன் புதுப் போட்டோ ஒன்றும் தபாலில் போடு. கூடத்துச் சுவரில் வின் வெள்ளைக் கோட்டோடு நிற்கிறான், ட்ராங் கடை வாசலில் நிற்கிறாள். நீ மட்டும் இன்னும் பள்ளிக்கூடச் சீருடையில் இருக்கிறாய். பட்டுச் சட்டை வேண்டாம். வேலைக்குப் போடுகிற சட்டையோடு, அந்த ஊசிப் பெட்டிகளுக்கு முன்னால் நின்று எடுத்து அனுப்பு. கொஞ்சம் பெரிதாகவே இருக்கட்டும்.

உன் அப்பத்தா